ஒழுகும் காரும் தையற்காரரும்

மேலப்பாளையத்தில் மன்சூர் மாஸ்டருக்கு ஒரு கார்ப் பட்டறை இருந்தது. ஊரில் எல்லோரும் கைவிட்ட கார்கள் அங்கேதான் வந்து சேரும். மாஸ்டருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. பேச்சு குறைவு. நீளமாகப் பேச வேண்டிய இடம் வந்தால் சுத்தியலை எடுத்துத் தகட்டில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டிவிடுவார்.

ஒரு சாரல் காலத்துக் காலையில் ஆவுடையப்பன் அங்கே வந்தார். அறுபதைத் தாண்டியவர். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவர். அவரோடு வெளிர் பச்சை நிறத்தில் ஒரு பழைய பியட் காரும் வந்தது.

"என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"தரையில லேசா கசியுது மாஸ்டர். வேற ஒண்ணும் இல்ல."

மாஸ்டர் கதவைத் திறந்து, முன்சீட்டுக்கு எதிரே காலை வைத்து அழுத்தினார். கார்ப்பெட் 'சளக்' என்றது.

"கசியுதா, ஒழுகுதா?"

"கசியுது."

"கசியுற வண்டிய நான் பாக்குறதில்ல. ஒழுகுற வண்டிதான் பாப்பேன்."

ஆவுடையப்பன் தெருவைப் பார்த்தார். எதிர்க்கடையைப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"ஒழுகுது."

"அப்போ உள்ள கொண்டாங்க."

ஆவுடையப்பன் நல்ல மனிதர். அவர் தைத்த சட்டை தோளில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. அவரிடம் ஒரே ஒரு குறைதான், அதுவும் தொழில் கொடுத்தது. துணி கொடுத்தவர் வந்து கேட்டால், "முடிஞ்சிட்டு, பட்டன் மட்டும் வைக்கணும்" என்பார். துணியோ அப்போது கத்திரியைக்கூடப் பார்க்காமல் மூலையில் கிடக்கும்.

பட்டன் வைப்பது அவருடைய மனைவி உலகம்மை. கேட்டவர்கள் கடையிலிருந்து நேரே வீட்டுக்குப் போவார்கள். "என்னக்கா, ஒரு பட்டன் வைக்க இம்புட்டு நாளா?" என்பார்கள். பாவம், கண்ணாலேயே பார்க்காத சட்டைகளுக்கெல்லாம் அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கார் விஷயத்திலும் அதே கதைதான். தரை ஒழுகியது. உலகம்மை கேட்டாள். "சரியாயிட்டு" என்றார். மறுபடி ஒழுகியது. மறுபடி கேட்டாள். "இப்போ சுத்தமா சரியாயிட்டு" என்றார். அதை நம்பித்தான் அவள் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக் கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். பாதி வழியில் மழை. ரயில் பாலத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்றது. கார் உள்ளே இறங்கியதுதான் தாமதம், தண்ணீரும் கேட்காமல் காருக்குள் ஏறிவிட்டது.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் நடந்து போய் டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள். "மழை பெஞ்சதுக்கு நீங்க என்ன செய்வீங்க? ஆனா நீங்க சொன்னத நம்பிக் காலை வச்சேன். இனிமே வைக்க மாட்டேன்."

சொன்னபடியே மூன்று வருஷமாக வைக்கவில்லை. கோயிலுக்குப் போனாலும் பஸ், சந்தைக்குப் போனாலும் பஸ். ஆவுடையப்பன் மனம் கேட்காமல் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போவார். எங்கேயாவது கால் வலித்தால் ஏறிக்கொள்ள மாட்டாளா என்று ஒரு நப்பாசை. "அம்மா, உங்க கார் பின்னால வருது" என்று கண்டக்டர் சொல்வார். "அது பாட்டுக்கு வரட்டும்" என்பாள் அவள். ஊருக்கே இது நல்ல பொழுதுபோக்காக இருந்தது. ஆவுடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

இருவருக்கும் குற்றாலச் சாரல் என்றால் உயிர். அந்தக் காரை வாங்கியதே சாரலுக்குப் போகத்தான். இந்த வருஷமாவது சாரல் நிற்பதற்குள் அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

"மாஸ்டர், இத நானே செய்யணும். நீங்க சொல்லித் தாங்க."

"ஏன்?"

"நீங்க செஞ்சு நான் போய் 'சரியாயிட்டு'ன்னா அவ நம்ப மாட்டா. என் கையால செஞ்சா அடிச்சுச் சொல்லலாம்லா?"

மாஸ்டர் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். கத்திரி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் காய்த்துப் போயிருந்தது.

"சொல்லித் தாரேன். ஆனா ஒண்ணு. இந்தப் பட்டறைக்குள்ள 'முடிஞ்சிட்டு'ங்கற வார்த்தைய நீங்க சொல்லக் கூடாது."

"பின்ன வேல முடிஞ்சா என்ன சொல்ல?"

"'பாருங்க'ன்னு சொல்லுங்க."

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். இவ்வளவுதானே என்று நினைத்தார்.

முதல் வேலையாக சீட்டுகளைக் கழற்றினார்கள். கார்ப்பெட்டை உரித்தார்கள். கீழே இன்னொரு கார்ப்பெட் இருந்தது. அதற்குக் கீழே தார். தாருக்குக் கீழே சாக்கு. சாக்குக்குக் கீழே நான்காக மடித்த லைனிங் துணி, ஓரமெல்லாம் அழகாக மடித்து அடித்திருந்தது.

மாஸ்டர் அந்தத் துணியை விரல் நுனியில் தூக்கிப் பிடித்தார்.

"தையல் நல்லா இருக்கு அண்ணாச்சி."

ஆவுடையப்பன் காது சிவந்தது.

"இதெல்லாம் எதுக்கு வச்சீங்க?"

"தண்ணி வராம இருக்க."

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு."

"வந்த தண்ணி போச்சா?"

ஆவுடையப்பன் துணியைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாகத்தான் இருந்தது. போன வருஷத்துத் தண்ணீராகவும் இருக்கலாம்.

தரைத் தகடு முழுக்க வெளியே தெரிந்தது. ஒரே தகடு இல்லை அது. பல தகடுகளை ஓரத்தோடு ஓரம் ஏற்றி வைத்து ஒட்டியிருந்தார்கள். தகடுகள் சேரும் மூட்டுகளில் எந்தக் காலத்திலோ பூசிய பசை வெயிலில் காய்ந்து, வெடித்து, அப்பளம் போலப் பெயர்ந்து நின்றது.

"எந்த வழியா வருது மாஸ்டர்? எனக்கு ஒரு ஓட்டையும் தெரியலியே."

மாஸ்டர் கார்க் கதவைத் திறந்தார். "உள்ள படுங்க" என்றார்.

ஆவுடையப்பன் காருக்குள் சுருண்டு படுத்தார். மாஸ்டர் கதவுகளைச் சாத்தி, கார் மேல் பெரிய தார்ப்பாயைப் போட்டு மூடினார். உள்ளே கும்மிருட்டு. ஆவுடையப்பனுக்கு ஒரு நிமிஷம் பயமாகக்கூட இருந்தது. பிறகு மாஸ்டர் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தார்.

தரையில் ஒரு புள்ளி மின்னியது. பக்கத்தில் இன்னொன்று. விளக்கு நகர நகர, மூட்டு போன வழியெல்லாம் வரிசையாக வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. சில இடத்தில் புள்ளியாக, சில இடத்தில் மெல்லிய கோடாக.

"மாஸ்டர்!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒழுகுது மாஸ்டர்! எங்க பாத்தாலும் ஒழுகுது! அழகா இருக்கு மாஸ்டர்!"

"பாத்துக்கிட்டே கெடந்தா எப்படி? குறிங்க."

ஆவுடையப்பன் சட்டைப்பையில் எப்போதும் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி இருக்கும். அதை எடுத்து ஒவ்வொரு வெளிச்சத்தையும் சுற்றி வட்டம் போட்டார். வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வை. கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.

பிறகு சுரண்டும் வேலை. தையற்காரருக்கு அது புதிது. குனிந்து, மண்டியிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து இடுப்பு விட்டுப்போனது. பழைய பசை போக வேண்டும், துரு போக வேண்டும்.

"எதுவரைக்கும் சுரண்டணும் மாஸ்டர்?"

"நல்ல தகடு வர வரைக்கும்."

"நல்ல தகடுன்னு எப்படித் தெரியும்?"

மாஸ்டர் சின்னச் சுத்தியலால் ஓரிடத்தில் தட்டினார். 'தொப்' என்றது. ஒரு சாண் தள்ளித் தட்டினார். 'ணங்' என்றது.

அன்றைக்கு முழுவதும் ஆவுடையப்பன் தட்டிக்கொண்டே இருந்தார். 'தொப்' என்ற இடத்தை மாஸ்டர் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். சாயங்காலம் ஆவுடையப்பன் வீட்டுக்குப் போய்க் குடத்தைத் தட்டினார், கதவைத் தட்டினார், சோற்றுத் தட்டைத் தட்டினார்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள் உலகம்மை.

"ஒண்ணும் இல்ல" என்று சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டு, "நல்ல தகடா பாக்கேன்" என்றார். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அவளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. காரைக் காணோம், கணவர் தினமும் கரியும் துருவுமாக வருகிறார். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

சுரண்டிய இடத்தைத் தின்னர் தொட்டுத் துடைத்து, பிரைமர் அடித்துக் காய வைத்தார்கள். அதன் பிறகு மாஸ்டர் ஒரு டப்பாவைத் திறந்து வைத்தார். உள்ளே களிம்பு போல மூட்டுப்பசை. கையில் ஒரு கட்டைப் பிரஷ்ஷைக் கொடுத்தார்.

இது தன் வேலை என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றிவிட்டது. மூட்டு என்பது தையல்தானே! மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கோடு பிசகாமல், நூல் பிடித்த மாதிரி பசையை இழுத்தார். முன்னாலிருந்து பின்வரை ஒரே சீர். எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், முடி..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "பாருங்க."

மாஸ்டர் பார்த்தார். ரசித்துத்தான் பார்த்தார். பிறகு பிரஷ்ஷை வாங்கி, அந்த அழகான கோட்டின் மேல் வைத்துக் குத்திக் குத்தி அழுத்தினார். பசை மூட்டுக்குள் இறங்கியது. கோடு கோணல்மாணலாகப் போனது.

ஆவுடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "எவ்வளவு அழகா இருந்துச்சு!"

"மேலதான் இருந்துச்சு அண்ணாச்சி."

ஆவுடையப்பன் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு முதலிலிருந்து குத்த ஆரம்பித்தார். மேலே முடித்துவிட்டுக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தும் குத்தினார். மூக்கில் ஒரு சொட்டு, மீசையில் ஒரு சொட்டு. மீசையில் விழுந்தது கடைசிவரை போகவில்லை, அந்த இடத்தைக் கத்திரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பசை காய்ந்தது. பெயின்ட் அடித்தார்கள். அதுவும் காய்ந்தது. இனி தரையில் மிச்சமிருந்தவை வட்டமான சில துளைகள் மட்டும். ஒவ்வொரு காலடிப் பள்ளத்திலும் ஒன்று. ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவு.

ஆவுடையப்பன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதுகளையும் அடைச்சிருதேன் மாஸ்டர்."

"அத அடைக்கக் கூடாது."

"என்னது! ஓட்டையில்லா மாஸ்டர் அது? ஊசித் துளையெல்லாம் தேடித் தேடி அடைச்சிட்டு, இம்மாம் பெருசத் தொறந்து வச்சா?"

"தண்ணி கீழ இருந்து மட்டுமா வருது? குடை கொண்டு வருவீங்க. ஈரக் காலோட ஏறுவீங்க. அது எந்த வழியா வெளிய போகும்?"

ஆவுடையப்பன் துளையையே பார்த்தார். மனசு ஒப்பவில்லை.

மாஸ்டர் ஒரு டப்பாவிலிருந்து வட்டமான கறுப்பு ரப்பர் மூடி ஒன்றை எடுத்தார். துளையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். 'டப்' என்று உட்கார்ந்தது. நெம்பினார், வந்துவிட்டது.

"அண்ணாச்சி, சட்டை தைக்கும்போது காஜாவ என்ன செய்வீங்க? தைச்சு மூடிருவீங்களா?"

பட்டன் நுழைகிற துளைக்குத் தையற்காரர்கள் காஜா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைத் தைத்து மூடிய சட்டையை நினைத்துப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அப்போ இது பட்டனா மாஸ்டர்?"

"பட்டன்தான்."

சாயங்காலம் எல்லா மூடிகளையும் அவரே போட்டார். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி, 'டப்' சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்ததற்குப் போனார். உலகம்மை கால் வைக்கும் இடத்திலிருந்த மூடியை மட்டும் இரண்டு தரம் அழுத்தினார். சீட்டுகளைத் திரும்ப மாட்டினார்கள்.

"பாருங்க" என்றார்.

மாஸ்டர் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். "கார் இங்கேயே நிக்கட்டும். நாளைக்கு மதினியக் கூட்டிட்டு வாங்க. நீங்க வெள்ளை வேட்டி கட்டிட்டு வாங்க."

"அவகிட்ட என்ன சொல்லிக் கூட்டியார?"

"எங்கிட்ட என்ன சொல்வீங்களோ அதையே சொல்லுங்க."

வீட்டில் உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆவுடையப்பன் எதிரே போய் நின்றார்.

"உலகு, நாளைக்குப் பட்டறைக்கு வாரியா?"

"எதுக்கு? காரு சரியாயிட்டாக்கும்?"

"தெரியல. வந்து பாரு."

கீரை ஆய்ந்த கை நின்றது. அந்த வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல்லை அவள் இதுவரை கேட்டதே இல்லை. உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்றுகூட நினைத்தாள்.

"வாரேன்" என்றாள்.

மறுநாள் காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். "இன்னைக்கு கார் வரலியாம்மா?" என்று கண்டக்டர் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

பட்டறையின் பின்னால் காரைக் கழுவும் சிமெண்ட் மேடை உண்டு. மாஸ்டர் காரை அதன் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார். தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, நீங்க மதினி சீட்டுல உக்காருங்க. செருப்பக் கழத்திருங்க."

ஆவுடையப்பன் வெள்ளை வேட்டியோடு, வெறுங்காலோடு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மாஸ்டர் ரப்பர் குழாயை உலகம்மையிடம் நீட்டினார்.

"மதினி, இந்தாங்க. அடிங்க."

"நானா?"

"நீங்கதான். வண்டிக்கு அடியில, எங்க வேணும்னாலும் அடிங்க."

உலகம்மை கூச்சத்தோடுதான் வாங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓரமாக நின்று, பின்சக்கரத்தின் பக்கம் பூவுக்குத் தண்ணீர் தெளிப்பது போல லேசாகக் காட்டினாள். அடுத்த நிமிஷம் என்ன தோன்றியதோ, குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினாள். தண்ணீர் சீறிக்கொண்டு போய்த் தகட்டில் அடித்தது. மூன்று வருஷத்துக் கோபமும் அதில் சேர்ந்து போனது. பட்டறை ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒழுகுதா?" என்று கத்தினாள்.

ஆவுடையப்பன் திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "இல்ல!"

டிரைவர் பக்கம் அடித்தாள். "ஒழுகுதா?"

"இல்ல!"

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'முடிஞ்சிட்டு' என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து குதித்துக்கொண்டிருந்தது. அவள் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவர் நினைத்தார்.

காலில் ஜில்லென்று ஏதோ பட்டது.

குனிந்து பார்த்தார். காலடியில், அந்த வட்டத் துளையிலிருந்து, தண்ணீர் கட்டைவிரல் கனத்துக்குக் குபுகுபுவென்று எழும்பிக்கொண்டிருந்தது. மூடியைக் காணோம். நேற்று இரண்டு தரம் அழுத்திய மூடி.

யோசிப்பதற்குள் அவர் கால் தானாக நகர்ந்து துளையின் மேல் நின்றது. குதிகால் அந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. தண்ணீர் நின்றுவிட்டது.

"ஒழுகுதா?" உலகம்மையின் குரல்.

பதில் தயாராகத்தான் இருந்தது. ஒரே சொல். சொன்னால் அவள் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து ஏறிக்கொள்வாள். எங்கேயோ விழுந்து கிடக்கும் மூடியைத் தேடிப் பிறகு போட்டுக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

மாஸ்டர் மோட்டார் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

குதிகாலுக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

"என்ன, சத்தத்தையே காணும்? ஒழுகுதா இல்லியா?"

ஆவுடையப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் அங்கேயே இருந்தது. அது போய்விடுமோ என்று அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

காலைத் தூக்கினார்.

"உலகு, வந்து பாரு."

அவள் குழாயை வண்டிக்கு அடியில் பிடித்தபடியே மேடையில் ஏறி, ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். உள்ளே ஊற்று போலத் தண்ணீர் எழும்பி, அவர் வேட்டியை முழங்கால்வரை நனைத்து, அவள் மூக்கிலும் தெறித்தது.

"ஒழுகுது" என்றார் ஆவுடையப்பன். "நேத்து நான்தான் அடைச்சேன். இருந்தும் ஒழுகுது."

உலகம்மை தண்ணீரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஒழுகுது உலகு."

"கேக்கல."

"ஒழுகுது! நல்லா ஒழுகுது! கொட்டுது! குத்தாலத்து அருவி கணக்கா கொட்டுது!"

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கையிலிருந்த குழாய் பாம்பாக நெளிந்து வேடிக்கை பார்த்தவர்களையும் நனைத்தது. ஆவுடையப்பனும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே பட்டறை முழுக்கச் சிரித்தது.

யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். உலகம்மை கதவைத் திறந்தாள்.

"தள்ளிப் போங்க. உங்க சீட்டுக்குப் போங்க."

அவர் நகர்ந்தார். அவள் ஏறி, நனைந்த சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, வெறுந்தரையில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டாள்.

"கெளம்புங்க."

"எங்க?"

"குத்தாலத்துக்குத்தான். சாரல் நின்ன பொறவு போயி என்ன செய்ய?"

"ஒழுகுதே உலகு!"

"நனையத்தான போறோம்."

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேட்டி நுனியால் துடைக்கப் பார்த்தார். அது ஏற்கெனவே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "ஒரு நிமிசம், மாஸ்டர்கிட்டச் சொல்லிட்டு வாரேன்" என்று இறங்கினார்.

மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"மாஸ்டர், அந்த மூடி... நான் போட்டேன் மாஸ்டர். ரெண்டு தடவ அழுத்திப் போட்டேன்."

"தெரியும்."

மாஸ்டர் தன் சட்டைப்பைக்குள் கையை விட்டார். வட்டமான கறுப்பு ரப்பர் மூடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

ஆவுடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் காரில் உலகம்மை ஹாரனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"மாஸ்டர்," அவர் குரல் இறங்கியிருந்தது. "வேல முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி," என்றார் மாஸ்டர். "பட்டன் மட்டும் வைக்கணும்."